நாற்பத்து மூன்று புள்ளி ஆறு

பலவேசத்தை அடக்கம் பண்ணிவிட்டு வந்த மூன்றாம் நாள் காலையில், உப்போடைக்கரை வானிலை நிலையத்து முற்றத்தில், வெள்ளைக் கூண்டுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே, அவனைக் கடைசியாகக் கிடத்தியிருந்த இடத்தில், அவனுடைய சூடு மட்டும் எழுந்து போகாமல் அப்படியே கிடக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது அடுத்த வீட்டுக் கோழி. மேய்ந்துகொண்டே வந்து அந்த இடத்தில் கால் வைத்த கோழி துள்ளிக் கத்திக்கொண்டு வேலிக்கு அப்பால் ஓடியது. அதைப் பிடிக்க வந்த ராசக்கிளி குனிந்து கையை நீட்டினாள், நீட்டிய கையைக் கொஞ்சம் இப்படியும் கொஞ்சம் அப்படியும் நகர்த்தினாள், தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை ஓர் ஆள் நீளத்துக்குத் தடவிக்கொண்டே போனாள், பிறகு வீட்டைப் பார்த்து, "மைனி, அண்ணன் இன்னும் இங்கனதான் கெடக்கு" என்று குரல் கொடுத்தாள்.

பலவேசத்தின் பெண்டாட்டி சந்தனமாரி வந்து தொட்டுப் பார்த்தாள். ஒருக்களித்து, இடது முழங்காலை மடக்கி, வலது கையைத் தலைக்கு அணை கொடுத்துக் கிடந்தது சூடு. பதினாறு வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்கு அந்தப் படுக்கை தெரியாதா என்ன. மண்ணிலிருந்து முழங்கால் உயரத்துக்கு அது நின்றது; அதற்கு மேலே இருந்தது ஊர்க் காற்று. அவள் அழவில்லை, அழுகையெல்லாம் இரண்டு நாளில் தீர்ந்திருந்தது. ஒரு குச்சியை எடுத்துச் சுற்றிலும் கோடு போட்டுவிட்டு, "யாரும் மிதிச்சிராதிய" என்று மட்டும் சொன்னாள்.

சந்தனமாரி அந்த நிலையத்தின் பகுதிநேரப் பார்வையாளர். காலை எட்டரைக்கும் சாயங்காலம் ஐந்தரைக்கும் கூண்டைத் திறந்து, உள்ளே இருக்கும் தெர்மாமீட்டர்களைப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, மேலிடத்துக்குப் போனில் அனுப்புவது அவள் வேலை. அந்தத் தெர்மாமீட்டர்களில் உச்ச வெப்பத்தைக் காட்டும் ஒன்றுக்கு மட்டும் ஒரு குணம் உண்டு. அதன் கழுத்தில் ஒரு நெருக்கல். அதைத் தாண்டி ஏறிய பாதரசம் தானாக இறங்காது. கையில் எடுத்து உதறினால்தான் இறங்கும். உதறாமல் விட்டால் நேற்றைய சூட்டை இன்றும் நாளையும் காட்டிக்கொண்டே இருக்கும். பதினொரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் உதற மறந்ததில்லை, ஒரு எண்ணைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை.

அக்கினி நட்சத்திரத்தின் ஒன்பதாம் நாள் மத்தியானம், உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த பலவேசம் பலகையைக் கையில் பிடித்தபடியே பாத்திக்குள் விழுந்தான். கங்காணி சுடலைமணி வண்டி பிடிக்கப் போனான். அந்த வெட்டவெளியில் நிழல் என்று சொல்லிக்கொள்ள நிலையத்து வேப்பமரம் ஒன்றுதான் உண்டு என்பதால், அவனோடு அளத்தில் வேலை செய்த அவன் சித்தப்பா மகள் ராசக்கிளியும் தவசியும் இன்னும் இரண்டு பேரும் அவனை அங்கே தூக்கிவந்து கிடத்தி, ஈரச் சேலையைப் போர்த்தி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். வேர்வை நின்றுபோன அந்த உடம்பு அடங்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் போய் ரொம்பச் சூடாக இருந்தது என்று சொன்னால் யார் கேட்பார்கள், எவ்வளவு என்று சொல்ல ஒரு எண் வேண்டும் என்று நினைத்தாள் சந்தனமாரி. பதினொரு வருஷம் எண்களோடு குடித்தனம் நடத்தியவளுக்கு வேறு என்ன தோன்றும்? கூண்டைத் திறந்து, தெர்மாமீட்டரை எடுத்து உதறி, புருஷனின் அக்குளில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ரசம் ஏறி ஏறி நாற்பத்து மூன்று புள்ளி ஆறில் நின்றது. வண்டி வருவதற்குள் பலவேசத்தின் மூச்சும் நின்றது.

ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று எழுதினார்கள். அவள் எண்ணைச் சொன்னாள். டாக்டர் கெட்டவர் இல்லை, முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் தலையை ஆட்டினார்.

"எங்க தெர்மாமீட்டர் நாப்பத்திரண்டோட முடிஞ்சிரும்மா. அதுல இல்லாத நம்பர நான் எப்படி எழுத முடியும்?"

மறுநாள் காலை எட்டரைக்கு, வீடு நிறையத் துட்டி விசாரிக்க வந்த சனம் இருக்க, வீங்கிய கண்ணோடு அவள் போய்க் கூண்டைத் திறந்தாள். முந்தின நாள் திரும்ப வைத்த தெர்மாமீட்டரை அவள் உதறவில்லை. அது காட்டியதைக் காட்டியபடி எழுதினாள், எழுதியதை எழுதியபடி அனுப்பினாள். அது மறதியா மனசா என்று அவளுக்கே தெரியாது. சாயங்காலத்துக்குள் உப்போடைக்கரையின் பெயர் டி.வி.யில் ஓடியது. அந்த வட்டாரத்தில் இதற்கு முன் பதிவான உச்சம் நாற்பத்திரண்டு புள்ளி ஒன்று. அதை ஒன்றரை டிகிரி முந்திவிட்டது இந்த ஊர்.

ஊர் என்றால் ஊர்தான். முதல் வாரம் எல்லோரும் வந்து அந்தச் சூட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள், இரண்டாம் வாரம் ஒருத்தி கும்பிட வந்தவள் கையோடு கொண்டுவந்த வடகத் தட்டை சும்மா ஒரு ஓரமாக வைத்துவிட்டுப் போனாள், சாயங்காலத்துக்குள் வடகம் கலகலவென்று காய்ந்திருந்தது, மூன்றாம் வாரம் மிளகாய் வந்தது, மல்லி வந்தது, பிள்ளைத்துணி வந்தது, ஆடி கழிந்து ஆவணி கழிந்து ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது, எங்கும் எதுவும் காயாத அந்த ஈரத்தில், விழுகிற மழை விழுந்த இடத்திலேயே ஆவியாகிப் போகும் அந்த ஆளளவு மண்ணுக்குக் கருவாடு வந்து சேர்ந்தது. வடகக்காரர்களுக்கும் கருவாட்டுக்காரர்களுக்கும் வாய்ச்சண்டை வந்து, பஞ்சாயத்துக் கூடி, திங்களும் வியாழனும் கருவாடு, மற்ற நாள் வடகம் வற்றல், வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் இடுப்புவலிக்காரர்கள் படுத்துக்கொள்ளலாம் என்று முறை வைத்தார்கள். மடக்கிய முழங்காலுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் இடம் சூட்டில் சேர்த்தியில்லை, அதில் யாரும் தட்டு வைத்து ஏமாறக் கூடாது என்றும் அறிவித்தார்கள். சாமி இறங்கிய இடம் என்று பூசாரி ஒரு சூலம் ஊன்றப் பார்த்தார், அரசாங்க இடத்தில் ஊன்றக் கூடாது என்று சந்தனமாரி பிடுங்கிப் போட்டாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. செத்தவன் முதுகில் கருவாடு காயவைக்கிறார்களே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனால் அவளும் ஒரு செவ்வாய்க்கிழமை, யாரும் இல்லாத நேரம் பார்த்து, அவன் தோள்பக்கம் ஒரு கை மிளகாயைப் பரப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையில்லாத வீட்டில் பேச ஆளில்லாதவள், அன்றைய எண்களை ஒவ்வொன்றாக அவனுக்குச் சொன்னாள். உயிரோடு இருந்தபோதும் அவன் சாப்பிட்டுக்கொண்டே அதைத்தான் கேட்பான்.

இதற்கிடையில் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. உச்சப் பட்டியலில் ஊரின் பெயர் முறைப்படி ஏறிவிட்டால், வெயில் காலத்தில் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை அளத்து வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும் என்று மாவட்ட அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்களாம். பலவேசத்தின் சாவும் வெயில் சாவு என்று ஏறுமாம். ஆனால் அதற்கு முன் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். சுற்றுவட்டத்து நிலையங்களிலெல்லாம் அன்றைக்கு நாற்பத்தொன்றைத் தாண்டவில்லை, இங்கே மட்டும் எப்படி என்று மேலிடத்தில் கேள்வி எழுந்திருந்தது. கார்த்திகை பிறந்து நாலாம் நாள், சரிபார்க்கும் அதிகாரி வேதமூர்த்தி ஒரு குடையும் இரண்டு பெட்டியுமாக பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

மூன்று நாள் அவர் சரிபார்த்தார். கூண்டின் கால் நாலடி இருக்கிறதா என்று அளந்தார், கதவு வடக்கே திறக்கிறதா என்று பார்த்தார், வெள்ளை பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தார், தெர்மாமீட்டரை ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் தன்னுடைய தெர்மாமீட்டரோடு சேர்த்து முக்கி இரண்டும் ஒன்றே சொல்வதைக் கண்டார், பதினொரு வருஷத்துப் பதிவேட்டையும் ஒரு பக்கம் விடாமல் புரட்டினார். ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை.

"இவ்வளவு சுத்தமான ரிஜிஸ்டர நான் பாத்ததில்லம்மா" என்றார்.

சந்தனமாரிக்கு அந்தப் பாராட்டு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

மூன்றாம் நாள் காலையில் ராசக்கிளி வந்தாள். அன்றைக்குத் தூக்கிவந்த நாலு பேர் வழியாக அளத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் அக்குள் விஷயம் தெரியும். கங்காணிக்கும் முதலாளிக்கும் மட்டும் தெரியாது. ஆறு மாதமாக அத்தனை பேரும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள்.

"மைனி, அந்த ஆபீசர் இன்னிக்குக் கேட்டுருவாரு. காத்துன்னு ஒரு வார்த்தை சொல்லிரு."

"பதினொரு வருஷமா நான் தப்பா எழுதுனதில்ல, கிளி."

"அண்ணன் போயாச்சு. நாங்க இன்னும் அந்தப் பாத்தியிலதான் நிக்கோம். சித்திரை வந்தா திரும்ப நிப்போம். ஒனக்கு நம்பர் பெருசா, நாங்க பெருசா?"

"ஒன் அண்ணனத்தான காத்துன்னு சொல்லச் சொல்லுத."

ராசக்கிளி சந்தனமாரியின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள், பிறகு போய்விட்டாள்.

மத்தியானம் மழை கொட்டியது. வேலிக்கு வெளியே தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நாற்பது பேர் நின்றார்கள். அது வியாழக்கிழமை, கருவாட்டு முறை. வேதமூர்த்தி குடையைப் பிடித்துக்கொண்டு, தட்டுகளைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லி, குத்த வைத்து உட்கார்ந்து, தன் தெர்மாமீட்டரை அந்தச் சூட்டுக்குள் நீட்டினார். நாற்பத்து மூன்று புள்ளி ஆறு. தலைமாட்டில் வைத்தார், கால்மாட்டில் வைத்தார், அதே எண். அவர் ஆச்சரியப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுதினார்.

"தரையிலேருந்து நாலடிக்குக் கீழ இருக்கற சூடு எங்க விதியில வராதும்மா. ஆனா துணைச் சான்றா எடுத்துக்கலாம். அன்னிய சூட்டுல மிச்சம் இன்னும் வளாகத்துல இருக்கு, அளவு புள்ளி பிசகாம பொருந்துதுன்னு எழுதிடறேன். ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. இது காத்தோட சூடுதானா, இல்ல வேற எதாவதோட சூடா?"

சந்தனமாரி கீழே பார்த்தாள். கருவாட்டுத் தட்டுகளுக்கு நடுவில், மடக்கிய முழங்காலிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. வேலிக்கு வெளியே பார்த்தாள். நாற்பது பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"காத்துதான் சார்" என்றாள்.

"வேற எதுக்கும் இந்தத் தெர்மாமீட்டர எடுத்துப் பயன்படுத்தலயே?"

"இல்ல சார். காத்துதான்."

அவர் நிலையத் திண்டில் தாளை வைத்து, அவளிடம் கையெழுத்து வாங்கி, ரப்பர் சீல் ஒன்றை ஊதி ஈரமாக்கிக் குத்தினார். சீல் விழுந்தது. அவ்வளவுதான், முற்றத்தில் மழை முதன்முதலாக அந்த மண்ணில் விழுந்து ஆவியாகாமல் தங்கியது. முதலில் கால்பக்கம் நனைந்தது, பிறகு மடக்கிய முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு தோள், அவன் மெதுவாக எழுந்து உட்கார்ந்து, எழுந்து நின்று, யாரையும் திரும்பிப் பார்க்காமல் போவதுபோல அந்தச் சூடு அங்கிருந்து போனது. அவன் கிடந்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கியது, தேங்கிய தண்ணீரில் தட்டிலிருந்து நழுவிய நெத்திலிகள் மிதந்தன. சந்தனமாரி ஓடிப் போய்க் கையை வைத்தாள். ஐஸாக இருந்தது. "ஊருக்காகத்தான சொன்னேன்" என்றாள் அந்தத் தண்ணீரிடம், "ஒங்க ஆளுவளுக்காகத்தான சொன்னேன்" என்றாள், மண்டியிட்டு இரண்டு கையாலும் மண்ணைத் தோண்டித் தோண்டிப் பார்த்தாள். காத்துதான் என்று அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் அவன் போயிருந்தான். வியாழக்கிழமை முறைக்காரர்கள் நனைந்த கருவாட்டை வாரிக்கொண்டு, இனி மழைக்காலத்துக்கு என்ன செய்வது என்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

தை மாதம் உத்தரவு வந்தது. கங்காணி சுடலைமணி அதை அளத்து மேட்டில் நின்று வாசித்தான். உப்போடைக்கரையில் பதிவாகிச் சரிபார்க்கப்பட்ட உச்ச வெப்பம் நாற்பத்து மூன்று புள்ளி ஆறு. அந்த வெப்பத்திலும் அன்று அளத்தில் வேலை தடையின்றி நடந்திருப்பதாக முதலாளிகள் சான்று கொடுத்திருக்கிறார்கள். ஆகவே அந்த அளவுவரை இங்கு வேலை செய்ய இயலும் என்று கருதப்படுகிறது. அந்த அளவை எட்டும் நாட்களில் வானிலை நிலையத்தில் சிவப்புக் கொடி ஏற்றப்படும். கொடி ஏறினால் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை ஓய்வு.

முதலில் கைதட்டியவர்கள் தட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்கள். கங்காணி தாளை மடித்தான்.

"என்ன முழிக்கிய? நாப்பத்து மூணையே தாங்குன ஊரு இது. பெருமையில்லா?"

கொடிக்கம்பம் நட இரண்டு ஆட்கள் வந்தார்கள். முற்றத்தில் மற்ற இடமெல்லாம் சுண்ணாம்புப் பாறை, கடப்பாரை இறங்கவில்லை. தேடித் தேடி, மண் இளகிக் கிடந்த ஒரே இடத்தில், பலவேசத்தின் நெஞ்சு இருந்த இடத்தில் குழி தோண்டி நட்டுவிட்டுப் போனார்கள். வெயில் சாவு என்று மாற்றி எழுதச் சொல்லி, அதிகாரி கொடுத்த சான்றின் நகலை எடுத்துக்கொண்டு சந்தனமாரி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதே டாக்டர் அதை இரண்டு தடவை வாசித்தார்.

"வெளியில காத்து சூடா இருந்துச்சுன்னு இதுல இருக்கும்மா, சரி. அவர் உடம்பு சூடா இருந்துச்சுன்னு எங்க இருக்கு?"

சொல்ல வேண்டியதை அவளே கையெழுத்துப் போட்டு இல்லை என்று கொடுத்தாயிற்று. சான்றை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினாள்.

திரும்பவும் சித்திரை வந்தது, அக்கினி நட்சத்திரம் வந்தது. உத்தரவுப்படி பதினோரு மணியிலிருந்து மணிக்கொருதரம் அவள் கூண்டைத் திறந்து பார்த்தாள். நாற்பது புள்ளி நாலு. நாற்பத்தொன்று புள்ளி ஒன்று. நாற்பது புள்ளி எட்டு. அந்த ஊர்க் காற்று எந்தக் காலத்திலும் நாற்பத்து மூன்றைத் தொட்டதில்லை, தொடப்போவதுமில்லை என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு தடவை கூண்டுக் கதவு திறக்கும்போதும் பாத்தியில் நின்ற தலைகள் நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தன, பிறகு குனிந்துகொண்டன. கூட்டி எழுதிவிடலாமா என்று அவள் நினைக்காமல் இல்லை. கூட்டி எழுதினால் திரும்பச் சரிபார்க்க வருவார்கள், நோண்டினால் பழையதும் வெளியே வரும், நிலையத்தையே மூடிவிடுவார்கள், பிறகு இந்தக் கம்பம்கூட இருக்காது. அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அது புது உச்சமாகிவிடும், கொடி ஏறும் அளவும் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். கதவைச் சாத்திவிட்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தாள்.

பதினோராம் நாள், ஒரு மணி சுமாருக்கு, தவசியும் இன்னும் மூன்று பேரும் ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு வரப்பு வழியே ஓடி வந்தார்கள். ராசக்கிளி. வேர்வை இல்லாத முகம், மேலே செருகிய கண். நேராக வந்து கம்பத்தின் கீழே கிடத்தினார்கள்.

"இங்க எதுக்குய்யா கொண்டாந்திய? ரோட்டுக்குத் தூக்குங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க!" என்று கத்தினாள் சந்தனமாரி.

"வண்டிக்குப் போன் போட்டாச்சுக்கா, வந்துக்கிட்டிருக்கு" என்றான் தவசி. மூச்சு வாங்கியது. கூண்டைக் கை காட்டினான். "அதுக்குள்ள நீ அத எடுத்து வச்சுப் பாரு."

மற்ற மூன்று பேரும் அவளைப் பார்க்கவில்லை. கம்பத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் குடத்தைச் சாய்த்து ராசக்கிளியின் தலையிலும் நெஞ்சிலும் தண்ணீர் ஊற்றினாள், சேலையை நனைத்துப் போர்த்தினாள். பிறகு கூண்டைத் திறந்தாள். தெர்மாமீட்டரை எடுத்து, உதறி, அந்த அக்குளில் வைத்து அழுத்திப் பிடித்தாள். ரசம் ஏறியது. நாற்பது. நாற்பத்தொன்று. அவள் கண் அதையே பார்த்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தன் மனசு அந்த ரசத்தை மேலே தள்ளிக்கொண்டிருப்பதை அவள் கண்டுகொண்டாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் எடுக்கவில்லை, நிற்கிறவரை பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ராசக்கிளியின் கண் பாதி திறந்தது. தான் எங்கே கிடக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எவ்வளவு மைனி?"

"பேசாத. வண்டி வருது."

"எவ்வளவுன்னு சொல்லு."

"நாப்பத்திரண்டு புள்ளி ஒண்ணு."

ராசக்கிளி கம்பத்தைப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது.

"பத்தல, என்ன?" என்றாள். பிறகு, வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாதபோது சொல்வதுபோல, கூசிக்கொண்டு சொன்னாள்: "அண்ணன் அளவுக்கு எனக்கு வரல மைனி."

வண்டி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது. சந்தனமாரி தெர்மாமீட்டரை இரண்டு தடவை நன்றாக உதறிக் கூண்டில் வைத்தாள். பக்கத்துத் தெர்மாமீட்டர் காட்டிய காற்றின் கணக்கு, நாற்பத்தொன்று புள்ளி இரண்டு, அதைப் பதிவேட்டில் எழுதினாள். ராசக்கிளி கிடந்த மண்ணில் கையை வைத்துப் பார்த்தாள். வெயில் சூடு மட்டும்தான் இருந்தது. தவசியும் மற்றவர்களும் சுருண்டு கிடந்த கொடியை ஒரு தடவை பார்த்துவிட்டு வரப்பில் இறங்கி நடந்தார்கள். அன்றைக்கும் மூன்று மணிவரை உப்பு வாரினார்கள், அதற்குப் பிறகும் வாரினார்கள்.